கதை என்றுதான் சொன்னேன்

விளக்கை அணைத்துவிட்டார்கள். இனி எழுந்து போக முடியாது. போக வேண்டுமென்றால் ஜெசிந்தாவின் முழங்காலைத் தாண்டி, அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிற தயாரிப்பாளரின் முழங்காலைத் தாண்டி, இருட்டில் படி எங்கே என்று காலால் துழாவ வேண்டும். எழுபத்திரண்டு வயதுக் கிழவி உருண்டு விழுந்தால் படத்துக்கு நல்ல விளம்பரம். சாலிக்கிராமத்தில் ஒரு மாடியில் நாற்பது நாற்காலி போட்டு இப்படி ஒரு குட்டித் தியேட்டர் இருக்குமென்று யார் கண்டது. வெளியே பகல் பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே விரல் விறைக்கிறது. “யம்மா, குளிருதா? சால்வையப் போத்திக்கோ,” என்கிறாள் ஜெசிந்தா. குளிர் இல்லையடி, பயம். சொல்லவா முடியும். திரையில் அவர் பெயர் வருகிறது, மிக்கேல் அருளப்பன் என்று, பெரிய எழுத்தில். என் வீட்டுக்காரர். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்து, நாற்பத்தொரு கதை எழுதி, முப்பத்தைந்தாவது வயதில் தாமிரபரணியில் போனவர். போய் நாற்பத்து மூன்று வருஷம் கழித்து அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். வெளியாகுமுன் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். குடும்பம் என்றால் நானும் என் மகளும். இரண்டு மணி நேரப் படத்தில் எனக்கு ஒரு நிமிஷம்தான் தெரிய வேண்டும். கடைசியில் அவர் ஆற்றுப்படியில் வழுக்கி விழுகிறாரா, தானாக இறங்கிப் போகிறாரா. வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதியது, கோயில் ஒப்புக்கொண்டது, ஊர் நம்பியது. அப்போது நாலு வயதாயிருந்த ஜெசிந்தா இந்த நாற்பத்தேழு வயது வரை அதைத்தான் நம்புகிறாள். நம்ப வைத்தவள் நான். அவர் இறங்கித்தான் போனார்.

நடிகர் வந்துவிட்டார். கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, தாடி. யார் இந்த ஆள்? எங்கள் வீட்டுக்காரர் டெரிலின் சட்டையை மணிக்கட்டு வரை பித்தான் போட்டுக்கொண்டு, தினமும் சவரம் செய்து, மடிப்புக் கலையாமல் பள்ளிக்கூடம் போனவர். திரையில் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறார். எங்கள் வீட்டில் கரண்டு இருந்தது, மேஜைதான் இல்லை. தரையில் குப்புறப் படுத்து நெஞ்சுக்குத் தலையணை கொடுத்து எழுதுவார். பரீட்சைத் தாள்களின் வெற்றுப் பக்கத்தில், வாத்தியார் பேனாவின் சிவப்பு மையில். ஒரு பக்கம் எவனோ ஒரு பையன் பருவக்காற்றைப் பற்றித் தப்பும் தவறுமாக எழுதியிருப்பான், மறுபக்கம் இவர் கதை ஓடும். முடித்ததும் அடுப்படிக்கு வருவார். நான் மீன் உரசிக்கொண்டிருந்தாலும் சரி, நிலைப்படியில் உட்கார்ந்து வாசிப்பார், நான் ‘ம்’ கொட்ட வேண்டும். எந்த இடத்தில் ‘ம்’ வரவில்லையோ அங்கே ஒரு சுழி போட்டுக்கொண்டு போய்த் திருத்திவிட்டு மறுபடியும் வருவார். நாற்பது கதை அப்படித்தான் வந்தது. நாற்பத்தொன்றாவதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அதை யோசிக்காதே, படத்தைப் பார். படத்தில் பாட்டில் வந்துவிட்டது. வரும் என்று தெரியும். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. சிறுபத்திரிகை நடத்திய பூதலிங்கம் சார்தான், அவருடைய சிநேகிதர், ஒரு நினைவுக் கட்டுரையில் ‘மதுவும் அவரை விழுங்கியது’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். எழுத்தாளன் என்றால் பாட்டில் இருந்தால்தானே எடுப்பு. நான் மறுக்கவில்லை. குடித்துவிட்டுக் குளிக்கப் போனால் கால் வழுக்கத்தானே செய்யும். ‘குடிகாரன் மவன்னு சொல்லுதாங்கம்மா, மவளைப் போய் மவன்னு சொல்லுதாங்க’ என்று ஆறாம் வகுப்பில் ஜெசிந்தா அழுதுகொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது, வாயை மட்டும் திறக்கவில்லை. இந்த அழுகை அந்த அழுகையைவிடத் தேவலை என்று கணக்குப் போட்டேன்.

அன்றைக்கு வெளிச்சம் வருமுன்பே துண்டும் சோப்புப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறரை மணிக்குப் பாயைச் சுருட்டப் போனேன், தலையணைக்கு அடியில் ஒரு தாள். ‘அமலி’ என்று ஆரம்பித்திருந்தது. அமலோற்பவம் என்கிற என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் சத்தம், “வாத்தியாரம்மா, வாத்தியாரம்மா, ஓடியாங்க.” அதற்குப் பிறகு ஆறு, கூட்டம், ஈரத்துண்டு, எதுவும் வரிசையாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது பத்து மணி. ஏட்டையா வந்து, தொப்பியைக் கழற்றி, “ஏதாவது எழுதி வச்சிருக்காராம்மா?” என்று கேட்டார். எழுத்தாளர் வீட்டில் வந்து கேட்கிற கேள்வியா அது! அறை முழுக்க எழுதித்தான் வைத்திருந்தார். அதற்குள் நான் என் வேலையை முடித்திருந்தேன். என் பெயர் இருந்த மேல்விளிம்பைக் கிழித்து, எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், வாயில் போட்டு மென்று விழுங்கினேன். நாக்கெல்லாம் சிவப்பு. பெயர் போனதும் அது கடிதமாகத் தெரியவில்லை, தலைப்பில்லாத கதையாகத் தெரிந்தது. அவர் கதைகள் எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு இருக்கும். ஐயோ தலைப்பு என்று தாளைத் திருப்பினால், அந்தப் பக்கம் எட்டாம் வகுப்புப் பையன் ‘மண் அரிப்பு என்றால் என்ன?’ என்பதற்குப் பதில் எழுதி இரண்டரை மார்க் வாங்கியிருந்தான். அதையே அவர் பேனாவால், அவர் கையெழுத்து மாதிரியே மேலே எழுதி, கட்டின் நடுவில் செருகிவிட்டேன். மண் அரிப்பு. ஏட்டையா கட்டைப் புரட்டினார், அத்தனை தாளில் சரியாக அதில் வந்து நின்றார். எனக்கு மூத்திரம் முட்டியது. வாசலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை நின்றார், பூதலிங்கம் சார் நின்றார். ஏட்டையா உதட்டை அசைத்து அசைத்து முழுவதையும் படித்தார். “இது என்னம்மா?” “கதை சார்.” “முடிவைக் காணோமே. அந்த ஆளு செத்தானா, இருக்கானா?” “இன்னும் எழுதல சார்.” “நல்லாத்தான் எழுதியிருக்காரு, பாவம்,” என்று தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

எதற்காக என்று கேட்டால் மணிக்காக. ஏட்டையா வேறு மாதிரி எழுதியிருந்தால் கோயிலில் துக்க மணி அடித்திருக்க மாட்டார்கள், பூசை வைத்திருக்க மாட்டார்கள், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், எருக்கஞ்செடிக்குள் கொண்டுபோய்ப் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒருத்தியை அப்படிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன், அவள் பிள்ளைகள் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியைச் சுவர்மேல் ஏற்றிவைத்துவிட்டு நிற்கும். ஜெசிந்தா அப்படி நிற்கக் கூடாது. அவ்வளவுதான், வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மணி அடித்தது, பூசை நடந்தது, சுவருக்கு உள்ளே நல்ல இடமாகக் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் கோயில் சட்டத்தையே மாற்றிவிட்டார்களாம். இப்போது சாமியார்களே அது ஒரு வியாதி என்று பிரசங்கம் வைக்கிறார்கள், சுவரையும் இடித்துக் கட்டியாயிற்று. பொய் சொன்னதற்கு இருந்த காரணம் போய்விட்டது, பொய் மட்டும் இருக்கிறது. மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், கோபப்பட்டேன், புறணி பேசினேன், பூசைக்குப் பிந்திப் போனேன் என்று சில்லறைப் பாவங்களாகக் கொடுத்துவிட்டு வருகிறேன். அந்தத் தாளை அன்றே அடுப்பில் போட்டிருக்கலாம். எட்டாம் நாள் பூதலிங்கம் சார் வந்து கையை நீட்டினார், “கடைசிக் கதைம்மா, நான் போடுதேன்.” கதை என்று சொன்ன வாயால் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். அதோடு நின்றதா? தொகுப்பில் வந்தது, பாடப்புத்தகத்தில் வந்தது. அருளப்பனின் உச்சம் என்றார்கள். கரையை அடியிலிருந்து அரிக்கிற நதிதான் காலம், என்னமாய்த் தலைப்பு வைத்திருக்கிறார் என்றார்கள். வைத்தவள் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா தமிழ் படித்தாள், அதே கதையில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினாள், சிவப்பு மைக்கு மட்டும் எட்டுப் பக்கம். கல்லூரியில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதை நடத்துகிறாள். தகப்பன் விடைபெற்றுப் போன கடிதத்தை மகள் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குகிறாள், நான் வீட்டில் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறேன்.

அது போகட்டும். அது பழைய பயம், பழகிப்போனது, மூட்டுவலி மாதிரி. இப்போது இருக்கிற பயம் நாலு மாதத்தது. ஜூன் மாதத்திலிருந்து ஜெசிந்தா தூங்குவதில்லை. சாயங்காலமானால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிய வழிய, பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அவரும் அப்படித்தான் கிணற்றடித் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் தலைவலி என்பார். ஊருக்கும் நான் தலைவலி என்றே சொன்னேன். ஜெசிந்தா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், அவளுக்கு என்னைத் தவிர யார்? இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். சின்ன வயசு டாக்டர், பொறுமையாகக் கேட்டார், “குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்காம்மா? அப்பாவுக்கு?” ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். “இல்ல டாக்டர்,” என்றேன். யோசிக்கவே இல்லை, நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஜெசிந்தா, “பாத்தியா, பரம்பரையிலயே கிடையாது. எனக்குத்தான் கொழுப்பு,” என்று சிரித்தாள். பத்து நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மாத்திரை அட்டையை நான் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், குறையவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் காலையில் எழுகிறேன். சொன்னால் உடைந்துபோவாள், அந்தக் கதையை வைத்தே வாழ்ந்தவள். சொல்லாவிட்டால் அந்தக் குழாய். சொன்னால் அதுவே வழி காட்டியது போல் ஆகிவிட்டால்? சொல்லாவிட்டால்? காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை இந்த இரண்டுக்கும் நடுவில் செக்கு சுற்றுகிறேன்.

அதனால்தான் இந்தப் படத்துக்கு வந்தேன். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை, எனக்குள்ளேயே சொல்லவில்லை, ஆனால் டைரக்டர் பிரதாபன் கண்டுபிடித்திருப்பார் என்று ஒரு நப்பாசை. மூன்று தடவை வீட்டுக்கு வந்தவர். மூலத்தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, “மேல மட்டும் ஏம்மா கிழிஞ்சிருக்கு?” என்று கேட்டார். “எலி,” என்றேன். எலி இவ்வளவு நேராகக் கடிக்குமா என்கிற மாதிரி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவர் திரையில் காட்டிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டிவிடக் கூடாதே என்று நேற்று முழுக்கச் செபமாலை உருட்டியதும் நான்தான். மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும். இதோ திரையில் இருட்டு விலகுகிறது, ஆறு வருகிறது. எங்கள் ஆறு இல்லை, ஏதோ ஓர் ஆறு, படியெல்லாம் பாசி. நடிகர் தள்ளாடி வருகிறார், கையில் துண்டு. ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. என் கையை என் கையாலேயே பிடித்துக்கொண்டிருக்கிறேன். நடிகர் நிற்கிறார். இறங்கப் போகிறார், ஏசுவே, இறங்கப் போகிறார். ஒரு காலை எடுத்துவைக்கிறார், கால் வழுக்குகிறது, துண்டு பறக்கிறது, தண்ணீர். வழுக்கிவிட்டார். எலி என்றதை நம்பிவிட்டார் அந்தப் பிள்ளை. பின்னால் யாரோ ‘ச்சு’ கொட்டுகிறார்கள்.

தப்பித்தேன். தப்பித்தேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை. அப்போதுதான் குரல் வந்தது. தண்ணீரை மட்டும் காட்டிக்கொண்டு, பின்னால் ஓர் ஆண் குரல் ‘மண் அரிப்பு’ கதையைப் படிக்கிறது. ‘எனக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. வீடு தூங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடிந்தால் போதும் என்றிருக்கிறது. விடிந்த பிறகு ஏன் விடிந்தது என்றிருக்கிறது. நாள் முழுக்க உன்னிடம் சொல்ல வாயெடுக்கிறேன், நீ அரிசி களைந்துகொண்டிருக்கிறாய், பிறகு சொல்லலாம் என்று விட்டுவிடுகிறேன். இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.’ எத்தனை ஆயிரம் பேர் படித்தது, அச்சில் நானே எத்தனை தடவை பார்த்தது. ஆனால் ஒருத்தர் வாயால் சொல்லிக் காதால் கேட்பது இதுதான் முதல் தடவை. எனக்கு எழுதியது. என்னிடம் சொல்ல வாயெடுத்திருக்கிறார். நான் அரிசி களைந்துகொண்டிருந்திருக்கிறேன். ஏட்டையா படித்தார், பூதலிங்கம் சார் படித்தார், பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள், நான்தான் அதைக் கதையாக்கிக் கட்டுக்குள் செருகிவிட்டேன். ஒரு மனுஷன் தூக்கம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறான், அதற்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து நல்லா எழுதியிருக்காரு என்று பதில் சொல்லியிருக்கிறோம். பிள்ளைமேல் பழிபோடக் கூடாது, அந்தப் பையன் பிரதாபனும் அதைத்தான் செய்திருக்கிறார், இசை போட்டு. குரல் நின்றது. பேர் பேராக எழுத்து ஓடியது. விளக்கைப் போட்டார்கள், கைதட்டினார்கள், தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா கைதட்டவில்லை, அழவும் இல்லை. வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லா எடுத்திருக்காங்க,” என்றாள். பிறகு, எனக்கென்று இல்லாமல், மெதுவாக, “கொடுத்து வச்சவரு. கால் வழுக்கிருச்சு. அவரா ஒரு முடிவு எடுக்க வேண்டிய கஷ்டமே இல்லாமப் போச்சு,” என்றாள்.

நான் கட்டிக் காத்த பொய்யைப் பார்த்து என் பிள்ளை பொறாமைப்படுகிறாள். நாற்காலிகளுக்கு நடுவில் மாலையும் கையுமாக யாரோ வந்துகொண்டிருந்தார்கள், பிரதாபன் தம்பி சிரித்த முகத்தோடு படியேறி எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். இன்னும் நாலு படி. “வழுக்கலட்டி,” என்றேன்.

“என்னது?”

“அப்பா வழுக்கி விழல. அவரா இறங்கிப் போனாரு. அது கதை இல்ல, ஜெசி. எனக்கு எழுதி வச்ச லெட்டரு. மேல ‘அமலி’ன்னு இருந்துச்சு, நாந்தான் கிழிச்சித் தின்னேன். தலைப்பு நான் வச்சது. அவரு குடிச்சதே இல்ல. தூக்கம் இல்ல அவருக்கு. தண்ணியத் தொறந்து விட்டுட்டு உக்காந்திருப்பாரு, உன்ன மாதிரியே. டாக்டர்ட்ட நான் பொய் சொன்னேன்.” எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடைகிறதா, வெறுக்கிறாளா, எழுந்து போகிறாளா. பிறகு வாய் கோணியது, நாலு வயதில் கோணுகிற மாதிரி. “என்ன மாதிரியேவா?” என்றாள்.

“உன்ன மாதிரியேதான்.”

“தண்ணிச் சத்தமா?”

“அதே சத்தம்தான்.”

“யம்மா,” என்று என் தோளில் தலையைப் போட்டாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அழுதாள், சால்வையெல்லாம் நனைகிற அழுகை. “நான் மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிட்டிருந்தேம்மா. உலகத்துலயே நான் ஒருத்திதான்னு.”

பிரதாபன் தம்பி பக்கத்தில் வந்து குனிந்தார். படம் அவளை அழவைத்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். “எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டார். பயம் போய்விடவில்லை, அவள் பாரம் முழுக்க என்மேல் இருந்தது. முதுகைத் தடவிக்கொண்டே சொன்னேன். “கொஞ்சம் வெளிய இருங்க தம்பி. நாங்க பேசிட்டு இருக்கோம்.”